முகத்தை மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோல்மன் ஹண்ட் வரைந்த ‘விழித்தெழும் மனசாட்சி’ ஓவியத்தைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வசதியான லண்டன் வீடொன்றில் பியானோ முன் அமர்ந்திருக்கும் கணவனிடம் மனைவி கோபித்துக்கொண்டு எழுவதாக அதில் விளக்கம் தரப்பட்டிருந்தது. அந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

கட்டுரையாளர் அப்பெண்ணின் முகத்தையே சான்றாகக் கொண்டிருக்கிறார். ஆனால் 1854இல் லண்டன் ராயல் அகாதெமியின் ஓவியக் கண்காட்சியில் மக்கள் பார்த்த முகம் இதுவல்ல. அதில் தெரிந்த வேதனையைத் தாங்க முடியாமல், ஓவியத்தின் உரிமையாளர் தாமஸ் ஃபேர்பேர்ன் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, ஹண்ட் அதைப் பின்னர் மாற்றி வரைந்தார். ஆகவே முகத்தைக் கொண்டு முடிவுகட்டுவதைவிட, ஓவியர் அவ்வளவு பொறுமையாக நிரப்பி வைத்திருக்கும் அறையைப் பார்ப்பதே முறை.

அவள் விரல்களில் மோதிரங்கள் இருக்கின்றன. திருமண மோதிரத்துக்குரிய விரலில் மட்டும் ஒன்றுமில்லை. மேசைக்கு அடியில் ஒரு பூனை சிறகொடிந்த பறவையைப் படுத்திக்கொண்டிருக்கிறது. கழற்றி எறிந்த கையுறையும் சிக்கலாகிக் கிடக்கும் பின்னல் நூலும் தரையில் கிடக்கின்றன. பியானோவின் மேல் விரித்து வைத்திருப்பது, கடந்துபோன நாள்களை நினைத்து ஏங்கும் ஐரிஷ் கவிஞர் தாமஸ் மூரின் பாடல். மணம் செய்துகொள்ளாமலே ஒருவன் தன் காதலிக்காக அமர்த்திக் கொடுத்த வீடு இது என்பதும், அந்தப் பாட்டின் நடுவே பழைய நினைவு தாக்கி அவன் மடியிலிருந்து அவள் எழுகிறாள் என்பதும் இவற்றிலிருந்தே தெளிவாகின்றன.

அக்காலத்துப் பார்வையாளர்களுக்கும் இது உடனே பிடிபடவில்லை. அதனால்தான் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1854 மே 25 அன்று ‘தி டைம்ஸ்’ நாளிதழில் கடிதம் எழுதி விளக்க வேண்டியிருந்தது. மரச்சாமான்களின் பளபளக்கும் புதுமையை அவர் சுட்டிக்காட்டியது எனக்கு மிகக் கூர்மையான கவனிப்பாகப் படுகிறது. வாழ்ந்து பழகிய வீட்டில் எல்லாப் பொருளும் ஒரே நாளில் கடையிலிருந்து வந்தவைபோல இருப்பதில்லை.

கட்டுரை தொடாமலே விட்ட ஒன்றும் உண்டு. பெண்ணின் பின்னாலிருக்கும் பெரிய கண்ணாடியில், வெயில் படர்ந்த தோட்டம் தெரிகிறது. அவள் பார்வை செல்வது அந்தத் தோட்டத்தை நோக்கித்தான். அது இருப்பதோ ஓவியத்தைப் பார்க்கும் நாம் நிற்கும் பக்கத்தில். அவள் எழுவது கோபத்தால் என்றால், அவனைத் திரும்பிக்கூடப் பாராமல் வெளிச்சத்தையே பார்ப்பானேன்? அவளைக் குற்றவாளியாக நிறுத்தாமல், வெளியேற ஒரு வழியையும் காட்டியிருப்பதே ஹண்டின் பெருமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தாங்கள் அச்சிட்ட படத்தில் கீழ்ப்பகுதி வெட்டப்பட்டு, பூனையும் கையுறையும் காணாமல் போயிருந்தன. இனி இத்தகைய ஓவியங்களை முழுமையாக, இயன்றால் ஹண்டே வடிவமைத்த சட்டத்துடன் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருச்சி