உனக்கு ஓர் உப்புருண்டை

அன்புள்ள தோழிக்கு,

சென்ற ஜனவரியில் கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி நாட்டுக்குப் போய்வந்தேன். வேறு யாராவது சொல்லி நீ கேள்விப்படுவதற்கு முன் நானே எழுதிவிட வேண்டும் என்று இத்தனை மாதங்களாக நினைத்து, இன்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

தலைநகரிலிருந்து மேற்கே ஏறக்குறைய 120 கிலோமீட்டர் போனால், கறுத்த எரிமலைப் பாறைகளுக்கு நடுவே சாலை இறங்கிக்கொண்டே போய், கடல்மட்டத்துக்கு 155 மீட்டர் கீழே, அசால் ஏரியின் கரையில் முடிகிறது. ஆப்பிரிக்காவில் அதைவிடத் தாழ்ந்த நிலம் இல்லை. கரை முழுதும் கண் கூசும் உப்பு. நீரிலோ கடலைப்போலப் பத்து மடங்கு கரிப்பு. கால் நனைத்த மறுகணம் என் குதிகால் வெடிப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எரிந்தன. அந்த ஏரிக்குப் பெரும்பாலும் நீர் தருவது, பத்து கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கூபே வளைகுடாவிலிருந்து பாறைப் பிளவுகளின் வழியே நிலத்தடியில் கசிந்து வரும் கடல்தான்.

அங்கே நின்றபோது விடுதிச் சாப்பாட்டறைதான் கண்முன் வந்தது. ஆறிப்போன சப்பாத்தியை, பிளந்து விலகும் அந்தப் பக்கத்து நிலமாகப் பாவித்து, நீ மூன்று பக்கமும் மெல்ல இழுத்து, ஒரு கிழிசல் செங்கடல், ஒன்று ஏடன் வளைகுடா, மூன்றாவது எத்தியோப்பியா வழியே தெற்கே இறங்கும் பிளவு என்று காட்டினாய். அடியிலிருந்து சாம்பார் ஊறி மேலே வந்ததும், "இதோ, கடல் வந்துவிட்டது" என்று சிரித்தாய். பேராசிரியர் ஒரு மாதம் நடத்தியும் எனக்குப் பிடிபடாதது அந்த ஒரு நொடியில் பிடிபட்டது.

களப்பயணப் பட்டியலில் உன் பெயர் விடுபட்ட அன்று நான் வாய் திறக்கவில்லை. இதைப் பலரும் படிப்பார்கள் என்பதால், அந்த அறையில் யார் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. நான் பேசியிருந்தாலும் உன் வீட்டில் விட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்டேன். அது உண்மையாகவும் இருக்கலாம், ஆனாலும் நான் பேசியிருக்க வேண்டும், மன்னித்துவிடு. ஆனால் நீயும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே! பக்கத்துத் தெருவில் இருந்த எனக்குத் திருமண அழைப்பிதழைத் தபாலில் அனுப்பினாய்.

ஏரிக்குப் பக்கத்திலுள்ள அர்துகோபா எரிமலைக்கும் போனேன். ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் மட்டுமே விலகும் நிலம், 1978 நவம்பரில் அது வெடித்த சில நாட்களுக்குள் ஒரு மீட்டருக்கும் மேல் விலகிவிட்டது. வழிகாட்டியாக வந்த, அங்குள்ள அஃபார் இனத்து இளைஞர் ஒரு பிளவின் இருபுறமும் கால் வைத்து நிற்கச் சொல்லி என்னைப் படம் எடுத்தார். அந்தப் படத்தை எவருக்கும் காட்டவில்லை. அதில் நிற்க வேண்டியவள் நீ.

ஏரிக்கரையில் சிறுவர்கள் விற்ற உப்புருண்டைகளில் ஒன்றை உனக்காக வாங்கினேன். அலையில் உருண்டு உருண்டு எலுமிச்சம்பழம்போல் திரண்டது அது. இந்த மழைக்கு எவர்சில்வர் டப்பாவுக்குள்ளேயே கசியத் தொடங்கிவிட்டது. உன் பழைய முகவரிக்கு அனுப்பினால் கைக்குக் கிடைக்குமா என்பதை மட்டும் எழுது.