தேவ சித்தம் என்று சொல்லி மூடிவிடலாமா?

ஆசிரியருக்கு,

பணத்தை ஏமாற்றிப் பறித்தவரையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பறிகொடுத்த பெண்ணிடம் ‘எல்லாம் தேவ சித்தம் (கடவுளின் விருப்பம்), யோசேப்பை நினைத்துக்கொள்ளுங்கள்’ என்று எங்கள் ஜெபக்கூட்டத்தில் ஆறுதல் சொன்னார்கள். மனம் கொதித்தது.

பைபிளில், தம்பி யோசேப்பை 20 வெள்ளிக்காசுக்கு அடிமையாக விற்ற அண்ணன்மார் செய்தது பாவம்தான். பின்னாளில் பஞ்சத்தில் அந்தக் குடும்பமே அவரால் பிழைத்தது. அதைக் கடவுளின் செயல் என்று சொன்னவர் விற்கப்பட்ட யோசேப்பு, விற்றவர்கள் அல்ல. அவர்கள் நினைத்தது தீமை என்பதையும் அவர் மறைக்கவில்லை (ஆதியாகமம் 50:20). இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாஸின் கதையும் இதுதானே? வேதத்தில் எழுதியிருக்கிறபடியே மரணத்துக்குப் போகிறேன் என்று சொல்லும் அதே வசனத்தில், காட்டிக்கொடுப்பவனுக்கு ஐயோ என்கிறார் இயேசு (மத்தேயு 26:24).

முதலில் அந்தப் பெண்ணின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயு, அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் தருவதாகச் சொன்னான்.

ஒரு வாசகர், நாகர்கோவில்