எழுத்தை விலைக்கு வாங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்பில் பெரிய ஆங்கில எழுத்தும், வேறு நிறத்தில் கைகளும் கொண்ட ‘வார்சிட்டி’ ஜெர்கின்கள் உதகை, குன்னூர், கோத்தகிரி கடைத்தெருக்களில் சில ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளிடையே நன்றாக விற்றன. இப்போது தொளதொளவென்ற ஹூடிகள் அந்த இடத்தைப் பிடித்து வருகின்றன. உடை மோகம் வரும், போகும். அதில் எனக்குக் குறையில்லை. அந்த எழுத்துக்குப் பின்னால் இருந்த நல்ல வழக்கம் நம் பள்ளிகளுக்கு வராமல், துணி மட்டும் வந்துவிட்டுப் போகிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

1865-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேஸ்பால் அணியினர் தங்கள் சட்டையில் ‘எச்’ என்ற எழுத்தைத் தைத்துக்கொண்டதிலிருந்து இது தொடங்கியது. முக்கிய ஆட்டங்களில் களமிறங்கியவர்களே பருவம் முடிந்தபின் அதைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு அவ்வெழுத்து ஸ்வெட்டருக்கும், 1930-களில் கம்பளித் துணியும் தோல் கைகளும் கொண்ட ஜாக்கெட்டுக்கும் இடம் மாறியது. உயர்நிலைப் பள்ளிகளுக்கும் பரவி, இசைக்குழுவில் வாசிப்பவர்களுக்கும் படிப்பில் சிறந்தவர்களுக்கும்கூட வழங்கப்பட்டது. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1972-இல் வந்து, பள்ளி அணிகளில் மாணவியர் பெருகிய பின், அதுவரை காதலனின் ஜாக்கெட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்ட பெண் தன் ஆட்டத்துக்கே எழுத்து பெறலானாள். அங்கும் ஒரு சங்கடம் உண்டு. பள்ளி தருவது பெரும்பாலும் எழுத்தை மட்டுமே. ஜாக்கெட்டைப் பெற்றோர்தான் வாங்க வேண்டும், அதன் விலையோ சில நூறு டாலர். தகுதி இருந்தும் அணிய முடியாத பிள்ளைகள் அதனால் உண்டு.

நம் கடைகளில் தொங்கும் ஜெர்கினில் உள்ள எழுத்து எந்தப் பள்ளிக்கும் உரியதன்று. ரெக்சின் கை விரைவில் உரிந்துவிடும். மெல்லிய பாலியஸ்டர் துணி டிசம்பர், ஜனவரி உறைபனிக்குத் தாங்காததால், உள்ளே ஒரு ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டுதான் அதை அணிகிறார்கள். (நாகரிகத்தைக் குளிர் வெல்லும் ஊர் எங்களுடையது.)

மலையில் உள்ள பழைய உறைவிடப் பள்ளிகளில் விளையாட்டுச் சாதனைக்குத் தனிச் சின்னம் வழங்கும் ஆங்கிலேயர் கால வழக்கம் உண்டு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்து, குறுவட்டப் போட்டியில் கபடியிலோ வாலிபாலிலோ வென்று திரும்பும் மாணவிக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழ். அது பிளாஸ்டிக் உறைக்குள் பீரோவுக்குப் போய்விடுகிறது. மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லா ஸ்வெட்டர் வழங்குகிறது. மேல் வகுப்பு மாணவர்களும் சீருடையின் மேல் ஸ்வெட்டர் அணிந்தே வருகிறார்கள். அதன் மார்பில் தைக்க ஒரு துணி எழுத்து போதும். புதிய ஜாக்கெட் யாரும் வாங்க வேண்டியதில்லை. உள்ளூர்த் தையற்காரரே செய்து தந்துவிடுவார். யாருக்கு வழங்குவது என்பதை உடற்கல்வி ஆசிரியரும் தலைமையாசிரியரும் தீர்மானிக்கட்டும். விளையாட்டோடு நிறுத்தாமல், அறிவியல் கண்காட்சிக்கும் கலைப் போட்டிக்கும் சேர்த்தே வழங்கலாம்.

மாவட்டக் கல்வி அதிகாரிகள் இதை வரும் ஆண்டு விழாவில் சில பள்ளிகளிலாவது நடத்திப் பார்க்க வேண்டுகிறேன். எழுத்து தமிழிலேயே இருக்கட்டும்: கோத்தகிரிக்குக் ‘கோ’, குன்னூருக்குக் ‘கு’. குந்தாவுக்கும் அதே ‘கு’தான் வரும் என்பதால், அவர்களுக்கு நிறத்தை மாற்றிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கோத்தகிரி.