ஜெர்மன்டவுன் மென்னோனைட் சபை பத்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

அமெரிக்கால அடிமை முறைய எதிர்த்து 1688ல மனு எழுதுன ஊர்னா ஜெர்மன்டவுன்னு சொல்லி குவேக்கர்கள்ங்கற கிறிஸ்தவ பிரிவோட முடிச்சிடறாங்க, மனு அவங்களோடதுதான், ஆனா பிலடெல்பியாவ ஒட்டின அதே ஊர்லதான் மென்னோனைட்னு இன்னொரு கிறிஸ்தவ பிரிவுக்காரங்களும் சபை கூடுனாங்க, அத யாரும் எழுதறதே இல்ல சார். அவங்க முதல் போதகர் வில்லியம் ரிட்டன்ஹவுஸ், 1690ல பேப்பர் மில் ஆரம்பிச்சவர், கந்தல் துணிய ஊறவெச்சு இடிச்சு கூழாக்கி காகிதம் செஞ்ச மனுஷன், அந்த நாட்டுக்கே முதல் மில் அதுதான்! 1708ல மரக்கட்டைல ஒரு சின்ன ஜெபவீடு, 1770ல கல்லு கட்டடம், அது இன்னிக்கும் நிக்குது. இவ்ளோ பழைய சபைய, தன்பாலீர்ப்பு உள்ளவங்கள உறுப்பினரா சேத்ததுக்காக 1997ல அந்த வட்டார மென்னோனைட் சபைகளோட கூட்டமைப்பான பிராங்கோனியா கான்பரன்ஸ் வெளியேத்திடுச்சு, எனக்கு அது நியாயமா படல. சர்ச் வரலாறு போடும்போது இதையும் சேத்து போடுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர்