மறுபடியும் மறுபடியும் ஒப்புக்கொடுக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக.

உன் கடிதத்தை அப்பாவும் நானும் வாசித்தோம். "நான் உண்மையிலேயே இரட்சிக்கப்பட்டிருக்கிறேனா, இல்லை அப்படி நினைத்துக்கொண்டு இருக்கிறேனா?" என்று கேட்டிருக்கிறாய். ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று உன்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தும், சில வாரங்களுக்குள் பழைய சந்தேகம் திரும்பி வந்துவிடுகிறது என்கிறாய். இதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. யோவான் தன் முதலாம் நிருபத்தை ஏன் எழுதினார் என்பதை அவரே சொல்லுகிறார்: "உங்களுக்கு நித்தியஜீவன் உண்டென்று நீங்கள் அறியவும்" (5:13). அதை அவர் எழுதுவது ஏற்கெனவே விசுவாசிக்கிறவர்களுக்கு. விசுவாசம் இருந்தும் நிச்சயம் இல்லாமல் தவிக்கிறவர்கள் அந்தக் காலத்துச் சபையிலேயே இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

விசுவாசம் வேறு, இரட்சிப்பின் நிச்சயம் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வேதனை. 1646-ல் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையை எழுதி முடித்தவர்கள் 18-ஆம் அதிகாரத்தை முழுக்க இதற்கென்றே ஒதுக்கினார்கள். உண்மையான விசுவாசிகூட இந்த நிச்சயத்துக்காக நெடுநாள் காத்திருக்கவும் பல போராட்டங்களைக் கடக்கவும் நேரிடலாம் என்று எழுதினார்கள். அது ஆட்டங்காணும் காரணங்களையும் சொன்னார்கள்: அதைக் காத்துக்கொள்வதில் அசட்டை, மனச்சாட்சியைக் காயப்படுத்தும் ஏதோ ஒரு பாவம், திடீரென்று மூர்க்கமாக வரும் சோதனை, தேவன் தம் முகப்பிரகாசத்தைச் சிலகாலம் மறைத்துக்கொள்வது. உன்னுடையது இதில் எது என்று பிறகு பார்ப்போம். நீ நிச்சயத்தை எங்கே தேடுகிறாய் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நீ தேடுவது உன் ஜெபத்துக்குள்ளே. சரியான வார்த்தைகளைச் சொன்னேனா, முழு இருதயத்தோடு சொன்னேனா, அன்று வந்த கண்ணீர் பாட்டின் உருக்கத்தால் வந்ததா, பாவத்தை உணர்ந்ததால் வந்ததா என்று அந்தச் சில நிமிடங்களையே திருப்பித் திருப்பிக் கிளறுகிறாய். மகளே, எந்த மனுஷனுடைய ஜெபமும் அந்தப் பரீட்சையில் தேறாது. தெர்மாமீட்டரை நிமிடத்துக்கு ஒருமுறை வாயில் வைத்துப் பார்த்தால் காய்ச்சல் இறங்குமா? கூட்டத்தில் முன்னே வரச்சொல்லி அழைக்கும் வழக்கம் அப்போஸ்தலர் காலத்தில் இருந்ததல்ல. 1830-களில் அமெரிக்காவின் எழுப்புதல் கூட்டங்களில் சார்ல்ஸ் ஃபின்னி என்ற பிரசங்கியார் முன்வரிசையில் இதற்கென்று தனி இருக்கை வைத்து அழைத்த பிறகுதான் அது பரவலானது. அப்படி எழுந்து வந்து மெய்யாகவே ஆண்டவரைக் கண்டடைந்தவர்கள் ஏராளம், அதை நான் குறைவாகப் பேசமாட்டேன். ஆனால் "நானே வாசல்" என்றவர் இயேசு. நாம் நடந்துபோன பாதையும் சொன்ன ஜெபமும் வாசல் அல்ல.

மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் அசுத்த ஆவி பிடித்த பிள்ளையை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பனைப் பார். "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்று சந்தேகத்தோடுதான் பேச்சை ஆரம்பிக்கிறான். பிறகு கண்ணீரோடே, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று சத்தமிடுகிறான். பாதி விசுவாசம், பாதி அவிசுவாசம். முதலில் அந்தப் பாதியைச் சரிசெய்துகொண்டு வா என்று இயேசு சொல்லவில்லை. அடுத்த வசனத்திலேயே அசுத்த ஆவியை அதட்டுகிறார். பிள்ளை பிழைத்தது தகப்பனுடைய விசுவாசத்தின் அளவால் அல்ல, அவன் யாரிடத்தில் வந்தானோ அவரால்.

நிச்சயத்துக்கு வேதம் மூன்று ஆதாரங்களைக் காட்டுகிறது. தேவனுடைய வாக்குத்தத்தம் முதலாவது. மாறின வாழ்க்கையின் கனி இரண்டாவது. நாம் தேவனுடைய பிள்ளைகள் என்று ஆவியானவர் நம் ஆவியுடனேகூடக் கொடுக்கும் சாட்சி (ரோமர் 8:16) மூன்றாவது. மூன்றும் வேண்டும், ஆனால் வரிசை மாறக்கூடாது. கனியைக் கொண்டுபோய் முதல் இடத்தில் வைத்தால் நல்ல வாரத்தில் பெருமையும் கெட்ட வாரத்தில் நரக பயமும் மிஞ்சும். உள்ளுணர்வை முதல் இடத்தில் வைத்தால் தூக்கம் கெட்ட ஒரு ராத்திரி போதும், எல்லாம் போய்விடும். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில் தன் இருதயம் அனலடைந்ததையும், கிறிஸ்துவை மாத்திரமே நம்பினதையும், தன் பாவங்கள் நீக்கப்பட்ட நிச்சயம் கிடைத்ததையும் எழுதிவைத்தார். அதே வெஸ்லி, எட்டு மாதம்கூட ஆகாத நிலையில், 1739 ஜனவரி 4 அன்று, தான் இப்போது கிறிஸ்தவனே அல்ல என்று தன் நாட்குறிப்பில் எழுதினார். அவ்வளவு பெரிய அனுபவமும் தன்னந்தனியாக ஒரு மனுஷனைத் தாங்கவில்லை. இரட்சிக்கப்பட்ட தேதியைக் கேட்கிறவர்களிடம் சொல்ல உனக்குத் தேதி இல்லையே என்றும் வருந்தாதே. பவுலுக்குத் தமஸ்கு வழியில் இயேசுவைச் சந்தித்த நாள் இருந்தது. தீமோத்தேயுவுக்கோ சிறுவயதுமுதல் அறிந்த பரிசுத்த வேத எழுத்துக்கள்தான் இருந்தன.

அதனால் இப்படிச் செய். யோவான் 6:37-ஐத் திற. "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை." நன்றாக வந்தேனா என்ற கேள்வியை விட்டுவிட்டு, இதைச் சொன்னவர் பொய் சொல்வாரா என்று மட்டும் கேள். பிறகு ஒரே ஒரு தடவை, "ஆண்டவரே, முன்பு நான் வந்தது மெய்யோ இல்லையோ, இப்போது வருகிறேன், தள்ளமாட்டேன் என்றீரே" என்று ஜெபி. அதோடு நிறுத்து. அடுத்த முறை சந்தேகம் எழும்பும்போது அதே விண்ணப்பத்தைப் புதிதாகப் போடாதே. "தள்ளமாட்டேன் என்று சொன்னதற்காக ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுக் கையிலிருக்கும் வேலையைப் பார். திரும்பத் திரும்ப ஒப்புக்கொடுக்கிறது பக்திபோலத் தோன்றும். உள்ளே பார்த்தால், போனமுறை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை என்று ஒவ்வொரு தடவையும் நாமே தீர்ப்பெழுதுகிற காரியம் அது.

கனியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பொய்யான நிச்சயமும் உண்டு, அது சந்தேகத்தைவிட ஆபத்தானது. தேவன் ஒருவர் உண்டென்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்கிறார் யாக்கோபு. அறிவும் இருக்கிறது, ஒப்புதலும் இருக்கிறது, பயம்கூட இருக்கிறது. அவரைச் சார்ந்துகொள்ளும் நம்பிக்கை மட்டும் இல்லை. மத்தேயு 7-ல் "கர்த்தாவே! கர்த்தாவே!" என்கிறவர்கள் எதைக் காட்டுகிறார்கள் என்று கவனி. தீர்க்கதரிசனம் உரைத்தோம், பிசாசுகளைத் துரத்தினோம், அநேகம் அற்புதங்களைச் செய்தோம். மூன்றும் ஊழியப் பட்டியல். பதில், "ஒருக்காலும் நான் உங்களை அறியவில்லை." ஒருகாலத்தில் அறிந்திருந்தேன் என்றுகூட அவர் சொல்லவில்லை. அப்புறம் அவர்களை அழைக்கும் பெயர், "அக்கிரமச் செய்கைக்காரரே." மேடையில் ஊழியம், மறைவில் அக்கிரமம், மனதில் எந்தக் குத்தலும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் அந்த வசனம் பயமுறுத்த வேண்டும். உன்னைப்போல ராத்திரியெல்லாம் அழுகிறவர்கள்தான் அதைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறார்கள், அதுதான் எனக்கு வேதனை.

யோவானின் முதலாம் நிருபத்தை ஒரே அமர்வில் வாசி. ஐந்து அதிகாரம், 105 வசனம். அரைமணி நேரம்கூட ஆகாது. துண்டு துண்டாக வாசித்தால்தான் அது பயங்காட்டும். "தேவனால் பிறந்த எவனும் பாவஞ்செய்யான்" என்ற 3:9 மட்டும் கண்ணில் பட்டால் யாருக்குத்தான் குலை நடுங்காது? ஆனால் அதே கை 1:8-ல், நமக்குப் பாவமில்லை என்போமானால் நம்மை நாமே வஞ்சிக்கிறோம் என்று எழுதியது. ஆகவே பாவமே இல்லாதவர்களைப் பற்றி அவர் பேசவில்லை. பாவத்தில் குடியிருக்க முடியாமற்போனவர்களைப் பற்றிப் பேசுகிறார். நிருபம் முழுக்க மூன்று காரியங்களைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறது: மாம்சத்தில் வந்த இயேசுவையே கிறிஸ்து என்று அறிக்கையிடுகிறாயா, அவருடைய கற்பனைகளின்படி நடக்க மனதாயிருக்கிறாயா, சகோதரரிடத்தில் அன்புகூருகிறாயா. மூன்றாவதில் உன்னை நீயே ஏமாற்றுவது கடினம். உனக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லாத, சற்று எரிச்சலூட்டுகிற ஒரு விசுவாசியிடம் நீ எப்படி நடந்துகொள்கிறாய் என்று பார். நேற்றையும் இன்றையும் ஒப்பிடாதே, சில வருஷங்களைச் சேர்த்துப் பார். உன்னோடு தங்கியிருக்கிறவர்களையும் கேள். நம் கனி நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பாவத்தில் விழுந்த பிறகு எந்தத் திசையில் ஓடுகிறாய் என்பதையும் பார். இயேசுவை மறுதலித்த பேதுருவும் அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசும் ஏறக்குறைய ஒரே வேளையில் விழுந்தவர்கள். யூதாஸ் மனஸ்தாபப்பட்டான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான், "குற்றமில்லாத இரத்தத்தை நான் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்" என்று வாய்திறந்து அறிக்கையும் செய்தான். ஆனால் போனது பிரதான ஆசாரியரிடம், "எங்களுக்கென்ன" என்றார்கள், அங்கிருந்து நான்றுகொள்ளப் போனான். பேதுரு மனங்கசந்து அழுதான். பிறகு கரையில் நிற்கிறவர் கர்த்தர் என்று கேட்டதும், படகு கரைசேரும்வரை பொறுக்காமல் கடலில் குதித்தான். துக்கம் இரண்டு பேருக்கும் இருந்தது. ஒருவன் இயேசுவைவிட்டு விலகி ஓடினான், மற்றவன் அவரிடத்துக்கு ஓடினான். இதில் பேதுரு மெச்சிக்கொள்ளவும் ஒன்றுமில்லை, ஏனென்றால் மறுதலிப்புக்கு முன்பே, "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு நான் உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று இயேசு அவனிடம் சொல்லியாயிற்று.

இப்போது உன் சந்தேகம் எந்த வகை என்று பார்ப்போம். விட மனதில்லாத ஒரு பாவம் கையில் இருந்தால், அந்தச் சந்தேகத்தை ஆறுதல் வசனம் போட்டு அமுக்காதே. அது தன் வேலையைச் செய்கிறது. பாவத்தை அதன் பெயரைச் சொல்லி அறிக்கையிடு, திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடு, மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் கேள். 1 யோவான் 1:9 அதற்குத்தான் இருக்கிறது. அப்படி எதுவும் இல்லாமல், உடம்பு களைத்து, சாப்பாடும் தூக்கமும் கெட்டிருந்தால், சூரைச்செடியின் கீழ் சாகவேண்டுமென்று கோரின எலியாவைப் பார். தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் கர்த்தர் பேசினது அதற்குப் பிறகு.

இன்னொரு வகை உண்டு, உன் கடிதத்தில் அதன் சாயல் தெரிவதால் சொல்லுகிறேன். வேண்டாத தூஷண எண்ணம் தானாக வருகிறது, உடனே மன்னிப்பு கேட்காமல் இருக்க முடியவில்லை, கேட்டது போதவில்லை என்று மறுபடி கேட்கிறாய், சற்று நிம்மதி, பிறகு அதே சுழல். இது ஓசிடி என்கிற எண்ணச் சுழல் நோய் பக்தியின் உடையில் வருவதாக இருக்கலாம். இதற்கு மனநல மருத்துவரிடம் போ. போவது அவிசுவாசம் அல்ல. இம்மானுவேலின் இரத்த ஊற்றைப் பாடின ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் கடுமையான மனச்சோர்வு நோயால் 1773 முதல் தான் தள்ளப்பட்டவன் என்றே நம்பினார், 1800-ல் மரிக்கும்வரை அந்த எண்ணம் அவரைவிட்டுப் போகவில்லை. அவர் எழுதின பாட்டோ எத்தனையோ பேருக்கு நிச்சயத்தைத் தந்தது. அவருக்கு இல்லாத வைத்தியம் இன்று உனக்கு இருக்கிறது.

மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்றும் கேட்டிருந்தாய். மாற்கு 3:30 காரணத்தைச் சொல்லிவிடுகிறது: இயேசு அசுத்த ஆவியைக் கொண்டிருக்கிறார் என்று வேதபாரகர் சொன்னபடியினால். ஆவியானவருடைய கிரியையைக் கண்ணாரக் கண்டும், தெரிந்தே அதைப் பிசாசின் வேலை என்று நிலைநாட்டப் பார்த்தவர்கள் அவர்கள். மன்னிப்புக்காக ஏங்கவில்லை, அதைக் கொடுக்கிறவரை அழிக்க வழிதேடினார்கள். நீ ஏங்குகிறாய்.

சபைக்குச் சபை இதில் போதனை மாறுவதும் உன்னைக் குழப்பியிருக்கும். தனிப்பட்ட வெளிப்படுத்தல் இல்லாமல் தவறிழைக்க முடியாத நிச்சயத்தோடு ஒருவன் தன் நிலையை அறிய முடியாது என்று ரோமன் கத்தோலிக்க சபை 1547-ல் திரெந்து சங்கத்தில் தீர்மானித்தது. மெய்யான விசுவாசி கடைசிவரை காக்கப்படுவான் என்று 1618-19-ல் நெதர்லாந்தில் கூடின சீர்திருத்த சபைகளின் டார்ட் சங்கம் சொன்னது. வெஸ்லியின் வழிவந்தவர்கள் இன்றைய நிச்சயத்தை உறுதியாகப் போதிக்கிறார்கள், ஆனால் விழுந்துபோகக் கூடும் என்றும் எச்சரிக்கிறார்கள். இதையெல்லாம் ஆற அமரப் படிக்கலாம். இன்று வருகிறவனைக் கிறிஸ்து தள்ளுவதில்லை என்பதை இவர்களில் யாரும் மறுக்கவில்லை.

இந்தச் சந்தேகத்தால் சில மாதங்களாகத் திருவிருந்தில் பங்குபெறாமல் எழுந்து போய்விடுவதாக எழுதியிருக்கிறாய். பவுல் 1 கொரிந்தியர் 11:28-ல் தன்னைத்தானே சோதித்தறிந்து விலகியிருக்கச் சொல்லவில்லை. சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணச் சொல்லுகிறார். இந்த வாரமே உன் போதகரிடம் இதையெல்லாம் மறைக்காமல் பேசு. அடுத்த திருவிருந்தில் அப்பத்தை வாங்கிக்கொள்.

பாசமுள்ள,
அம்மா