அந்த ஒன்பது பேரும் ஏப்ரலில் கிளம்புகிறார்கள், ஐயா

பிப்ரவரி, 2025

அன்புள்ள தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் வலி இப்போது தேவலை, காலையில் பூங்கா வரை நடக்கிறீர்கள் என்று அம்மா போனில் சொன்னார்கள். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. “பள்ளிக்கூடம் எப்படி இருக்காம்?” என்று நீங்கள் பின்னாலிருந்து கேட்டதும் காதில் விழுந்தது. அதற்குள் இங்கே பெல் அடித்துவிட்டது. பதில் சொல்லாமல் போனை வைத்தது ஒரு வாரமாக உறுத்துகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். எல்லாரும் படிக்கும்படியே போடுகிறேன். உங்களிடம் அ, ஆ எழுதிப் பழகி இன்று திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்கள் கண்ணிலும் படட்டும்.

முதலில் முக்கியமான சேதி. நம் ஐந்தாம் வகுப்பு ஒன்பது பேரும் இந்த ஏப்ரலோடு பள்ளியை விட்டுப் போகிறார்கள். வருஷா வருஷம் ஐந்தாம் வகுப்பு போகத்தானே செய்கிறது என்று மற்றவர்கள் கேட்கலாம். நீங்கள் கேட்கமாட்டீர்கள். 2020 ஆகஸ்டில், ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, முகக்கவசம் போட்டுக்கொண்டு சைக்கிளில் தெருத் தெருவாகப் போய் நீங்கள் சேர்த்த பிள்ளைகள் இவர்கள். சேர்ந்தார்களே தவிர வகுப்பறையைப் பார்க்கவில்லை. ஒன்றாம் வகுப்பு முழுக்கத் திண்ணையிலும் கல்வித் தொலைக்காட்சி முன்னாலும் கழிந்தது. 2021 நவம்பர் 1-ஆம் தேதி பள்ளி திறந்தபோது நேரே இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரமாட்டேன் என்று ஒரு பையன் அழுதானே, நீங்கள் அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து வேப்பிலை பொறுக்கி விளையாட்டுக் காட்டினீர்களே, அவன் இப்போது என் தோளுக்கு வளர்ந்துவிட்டான். பிரேயரில் திருக்குறள் சொல்வது அவன்தான்.

ஏழு மாதம்தான் ஆகியிருந்தது, 2022 மே மாதக் கடைசியில் நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டீர்கள். சாவியைக் கையில் கொடுத்தபோது, “இந்த ரெண்டாங் கிளாஸை மட்டும் விட்டுடாதீங்க டீச்சர், அதுங்களுக்கு அஸ்திவாரமே போடலை” என்றீர்கள். வீட்டுக்குப் போய் அழுதேன். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

இரண்டு வாரத்தில், ஜூன் 13-ஆம் தேதி, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் அடிப்படையிலிருந்து கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. எனக்கும் முதலில் நம்பிக்கை இல்லை, ஐயா. இதுவும் ஒரு பயிற்சி, இன்னொரு பதிவேடு என்றுதான் நினைத்தேன். ஆனால் அதில் ஒரு விஷயம் நம் பிள்ளைகளுக்காகவே செய்ததுபோல் இருந்தது. மூன்றாம் வகுப்பில் இருக்கிற பிள்ளைக்கு எழுத்தே தெரியவில்லை என்றால் அதை மறைக்க வேண்டியதில்லை. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. பிள்ளை எந்த நிலையில் நிற்கிறதோ அந்தப் பயிற்சி நூல்தான் அதன் கைக்கு. நம் ஒன்பது பேரில் ஏழு பேர் அரும்பு. மூன்றாம் வகுப்பில் ஏழு அரும்பு! ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளோடு சேர்ந்து பாட்டுப் பாடி, அட்டை அடுக்கி, மணலில் எழுதினார்கள். வெட்கப்படுவார்களோ என்று பயந்தேன். ஒருத்தரும் வெட்கப்படவில்லை. பிள்ளைகளுக்கு அதெல்லாம் இல்லை, நமக்குத்தான். அவர்கள் நான்காம் வகுப்புக்குப் போன வருஷமே திட்டமும் நாலு, ஐந்து வகுப்புகளுக்கு நீண்டது. அதனால் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலத்தெரு, பாட்டி வளர்ப்பு. பெயர் எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும். மூன்றாம் வகுப்பில் ‘ழ’ வந்தாலே விரலை வைத்து எழுத்தை மூடிக்கொள்வாள். ‘பழம்’ என்று அட்டை காட்டினால், ‘ப’ சொல்லிவிட்டு நிறுத்தி, என் உதட்டையே பார்ப்பாள். நானும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். இப்படி எத்தனை நாள்! நான்காம் வகுப்பில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுத் தட்டைக் கழுவிவிட்டு வந்தவள், சுவரில் ஒட்டியிருந்த சத்துணவுப் பட்டியலைத் தானாக எழுத்துக் கூட்டினாள். ‘கிழமை’ வந்த இடத்தில் ஒரு கணம் நின்றாள். பிறகு நாக்கை மடித்து, சரியாக, ‘கிழமை’ என்றாள். திரும்பிப் பார்த்தாள். வேறு யாரும் அங்கே இல்லை, நானும் அவளும்தான். பாவாடையிலேயே கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் படித்தாள். அன்றைக்கு உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

இப்போது அவள் படிப்பது கதைப் புத்தகம். வாசிப்பு இயக்கத்தின் மெல்லிய புத்தகங்களை நீங்கள் பார்க்கவில்லை. நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி வைத்துப் பிரித்திருக்கிறார்கள். பெயரைப் பாருங்கள், எவ்வளவு அழகு! அவள் ‘ஓடு’ முடித்துவிட்டு ‘பற’ கேட்கிறாள். நாலு, ஐந்து வகுப்புகளுக்கென்று ஊஞ்சல் என்ற இதழும் வருகிறது. வந்த அன்று இடைவேளைக்கு ஒருவரும் வெளியே போவதில்லை.

பசியைப் பற்றி நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வேன். திங்கட்கிழமை பிரேயரில் யாராவது ஒருத்தர் சரிந்து விழுவதும், நீங்கள் மேசை இழுப்பறையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுப்பதும் நம் பள்ளியில் வழக்கமாக இருந்தது. அந்த பாக்கெட் உங்கள் சம்பளத்தில் வாங்கியது என்று எனக்குப் பின்னால்தான் தெரியும். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள்தான், நம் பள்ளி அதில் இல்லை. மறு வருஷம் ஆகஸ்ட் 25 அன்று, இதோ நம் பக்கத்துத் திருக்குவளையில் தொடங்கிவைத்து எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் கொடுத்தார்கள். அன்று முதல் நம் பிள்ளைகளும் காலையில் சூடாகச் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்கு வருகிறார்கள். சமைப்பது மகளிர் குழுவைச் சேர்ந்த நம் ஊர் அம்மாதான். அவர் பிள்ளையும் இங்கேதான் படிக்கிறான், அதனால் உப்பு காரம் பார்த்துப் போடுகிறார். நடவு நாளிலும் அறுப்பு நாளிலும் விடியலிலேயே வயலுக்குப் போகிற தாய்மாருக்கு இது எவ்வளவு பெரிய ஒத்தாசை! அதற்குப் பிறகு பிரேயரில் ஒரு பிள்ளைகூட விழவில்லை. மதிய உணவு வரிசையில் அலுமினியத் தட்டோடு நின்றுதான் நான் வாத்தியார் ஆனேன் என்று நீங்கள் பெருமையாகச் சொல்வீர்கள் அல்லவா? உங்களுக்கு இந்தச் சேதி இனிக்கும். இழுப்பறையில் இப்போது சாக்பீஸும் எழுத்தட்டையும்தான் இருக்கின்றன.

நல்லதையே சொல்லிக்கொண்டு போனால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் மழையில் இரண்டாம் வகுப்பு மூலை ஒழுகியது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு அனுப்பியிருக்கிறோம், இன்னும் ஆள் வரவில்லை. வகுப்பு ஐந்து, ஆசிரியர் இரண்டு பேர்தான், அதில் மாற்றமில்லை. ஒருத்தர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் நாற்பத்தொரு பிள்ளைகளையும் ஒரே கூடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். செயலியில் ஏற்ற வேண்டியதும் கூடிவிட்டது. சிக்னலுக்காக வேப்பமரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரம் முழுக்க வகுப்பு நேரம். இதை எல்லாக் கூட்டத்திலும் எழுந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், சொல்வதை நிறுத்தமாட்டேன்.

இனி வரப்போவதைச் சொல்கிறேன்.

21-ஆம் தேதி உலகத் தாய்மொழி நாள். வட்டாரப் பேச்சில் ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் என்று பிள்ளைகள் வீட்டில் கேட்டு எழுதி வருகிறார்கள். நெல்லுக்கு மட்டும் ஒரு நோட்டுப் பக்கம் நிறைந்துவிட்டது. பதர், கருக்காய், பொக்கு, விதைநெல், சாவி என்று தாத்தாமார்கள் கொட்டியிருக்கிறார்கள். மழையில் சம்பா சாய்ந்த வருஷம் என்பதால், மணி பிடிக்காத நெல்லைச் சொல்லும் ‘சாவி’ எல்லா நோட்டிலும் இருக்கிறது.

மார்ச்சில் ஆண்டு விழா. நாள் குறித்ததும் சொல்கிறேன். இந்த வருஷம் கலைத் திருவிழாவில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். பக்கத்துப் பள்ளிகளெல்லாம் சேர்ந்த குறுவள மையப் போட்டிக்கு நம் பிள்ளைகள் நாலு பேர் போனார்கள். மழலையர் பாட்டில் ஒரு குட்டிப் பெண் பரிசு வாங்கி வந்தாள், விழாவில் அவள்தான் முதல் பாட்டு. பிள்ளைகளை அணி அணியாகப் பிரித்து நவம்பரில் தொடங்கிய மகிழ் முற்றம் அணிகளும் மேடை ஏறுகின்றன. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணி. எல்லாரும் மருதம்தான் வேண்டும் என்று நின்றார்கள், வயல் நம்முடையதாம். பாலையில் விழுந்த பிள்ளைகளைத் தேற்ற எனக்கு ஒரு பாடவேளை ஆயிற்று. இப்போது அவர்கள்தான் அதிகப் புள்ளி வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 1 முதல் மாணவர் சேர்க்கை. என் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான், ஐயா. ஒன்பது பேர் போனால் முப்பத்திரண்டு. அங்கன்வாடியில் ஐந்து வயது நிறைகிற பிள்ளைகள் ஏழு பேர் இருக்கிறார்கள். அதில் நாலு வீட்டு வாசலுக்கு தனியார் பள்ளி வேன் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறது. அந்தத் தாய் தகப்பன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளை டை கட்டிக்கொண்டு போனால் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசும் என்று கடன் வாங்குகிறார்கள். நான் வீடு வீடாகப் போய்ச் சொல்வது இவ்வளவுதான்: இங்கே வந்து ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள், மூன்றாம் வகுப்புப் பிள்ளையை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது, பெண்பிள்ளை கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது என்றும் சொல்கிறேன். தலையாட்டுகிறார்கள். ஆனால் திண்ணையில் இருக்கிற கிழவர், “பெரிய வாத்தியார் இருந்தா வந்து கூப்பிட்டிருப்பாரு” என்று ஒரு வார்த்தை சொல்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதனால் கேட்கிறேன். ஆண்டு விழாவுக்கு வருகிறீர்கள் அல்லவா, இரண்டு நாள் முன்னதாக வாருங்கள். மேலத்தெருவும் காலனித் தெருவும் மட்டும் என்னோடு நடந்தால் போதும். சைக்கிள் வேண்டாம், ஆட்டோ சொல்லிவிடுகிறேன். முழங்காலுக்குக் கஷ்டம் என்று அம்மா சொன்னால் திண்ணையில் உட்கார்ந்துகொள்ளுங்கள், அவர்களை உங்களிடம் அழைத்து வருகிறேன். வைகறை ரயிலில் வந்தால் திருவாரூரிலேயே அந்தக் ‘கேட்டுப் பையனின்’ அப்பா நிற்பார், இப்போதே சொல்லிவைத்துவிட்டார்.

இன்னொன்றும் உண்டு. ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஒன்பது பேருக்கும் மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். எல்லாரும் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிற உயர்நிலைப்பள்ளிக்குத்தான் போகிறார்கள். ‘ழ’ பெண்ணை அனுப்பப் பாட்டி தயங்கினார், துணைக்கு நாலு பேர் சேர்ந்து போவதாக ஏற்பாடு செய்தபிறகு சரி என்றார். சான்றிதழ் இப்போதெல்லாம் கணினியில் வந்துவிடுகிறது. பிறந்த தேதி சரிபார்க்க நேற்று பீரோவைத் திறந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தேன். 2020 பக்கத்தில் ஒன்பது பெயரும் உங்கள் கையெழுத்தில் இருக்கின்றன, நீல மையில், சாய்வில்லாமல். கேட்டுப் பையன் பெயருக்கு எதிரே, தகப்பனார் கையொப்பம் இடுகிற இடத்தில், கட்டைவிரல் ரேகை. அந்த அப்பா போன மாதம் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மகன் சொல்லிக்கொடுத்தானாம். நீங்கள் வரும்போது அந்தத் தீர்மான நோட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் உதவி ஆசிரியையாக இருந்து, இன்று உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள்