உதிரிபாகமும் அதன் சான்றிதழும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூடங்குளம் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை உலையின் வடிவமைப்பையும் சுனாமி அபாயத்தையும் விரிவாக ஆராய்ந்தது. ஆனால், பல பத்தாண்டுகள் இயங்க வேண்டிய ஒரு நிலையத்தில் அவ்வப்போது கழற்றி மாற்றப்படும் ஃபியூஸ், ரிலே, வால்வு, கேபிள் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. வால்வுத் தொழிற்சாலைகளில் முப்பது ஆண்டுகள் தரப் பரிசோதகராக இருந்த எனக்கு அது பெருங்குறையாகப் பட்டது.

தென்கொரியாவில் 2012 நவம்பரில் யோங்குவாங் அணுமின் நிலையத்தின் 5, 6ஆம் உலைகள் நிறுத்தப்பட்டன. ஃபியூஸ், ஸ்விட்ச், குளிரூட்டும் விசிறி என 7,000-க்கும் மேற்பட்ட பொருட்களை 8 நிறுவனங்கள் 60 போலித் தரச் சான்றிதழ்களைக் காட்டி விற்றிருந்ததே காரணம். அணுமின் தரத்துக்கென்றே பொருள் செய்வோர் குறைந்துவிட்டதால், சந்தையில் கிடைக்கும் சாதாரணப் பொருளை வாங்கித் தனியே சோதித்து, தகுதிச் சான்று பெற்றுப் பொருத்தும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. சோதனை உண்மையாக நடக்கும்வரை அதில் தவறில்லை. அங்கோ சான்றே பொய். அடுத்த ஆண்டு மே மாதத்தில் வெளிவந்தது இதைவிட மோசம்: விபத்து நேரத்தில் பாதுகாப்புக் கருவிகளை இயக்க உதவும் கட்டுப்பாட்டுக் கேபிள்களின் சோதனை முடிவையே திருத்தியிருந்தார்கள். யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் துப்புக் கொடுத்திராவிட்டால் அந்தக் கேபிள்கள் அங்கேயே இருந்திருக்கும்.

இப்படிப்பட்ட காகிதம் ஒன்றை நானும் கையில் பிடித்திருக்கிறேன். சர்க்கரை ஆலை ஒன்றுக்கான வால்வு வார்ப்புகள் வந்திறங்கின; எந்த உருக்கிலிருந்து வார்த்தது என்பதைக் காட்ட உலோகத்தில் பன்ச் செய்திருந்த ஹீட் நம்பரும் சான்றிதழில் இருந்த எண்ணும் ஒத்துத்தான் இருந்தன. ஆனால் காகிதத்தில் கடைசி இலக்கம் மட்டும் மற்றவற்றைவிடச் சற்றுத் தடித்து, வரியிலிருந்து இறங்கி நின்றது. வார்ப்பில் ஒரு துண்டு வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினேன். சான்றிதழ் சொன்ன குரோமியம் அதில் இல்லை. அந்த முடிவு வரும்வரை, உற்பத்தி நிற்கிறதே என்று கொள்முதல் பிரிவினர் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கூடங்குளம் முதல் உலையிலும், இயக்கத்துக்கு முந்தைய சோதனைகளில் ஒரே வகையைச் சேர்ந்த 4 வால்வுகள் சரியாகச் செயல்படவில்லை என்று 2013 ஏப்ரலில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமே அறிவித்தது. வால்வைத் திறந்து மூடிப் பார்க்கலாம், குறை தெரிந்துவிடும். கேபிள் அப்படியல்ல. விபத்தின் கொதிநீராவியையும் கதிர்வீச்சையும் தாங்குமா என்பதை நிலையத்தில் பொருத்திய பிறகு சோதித்துப் பார்க்க வழியில்லை; ஆய்வகம் தந்த அறிக்கையை நம்பியே அது அங்கே கிடக்கிறது.

ஆகவே, சோதனை அறிக்கை விற்பவர் கைவழியாக அல்லாமல் ஆய்வகத்திலிருந்து நேரே நிலையத்துக்கு வர வேண்டும். அதே தொகுதியிலிருந்து மாதிரிகளை எடுத்து, விற்பவருக்குத் தொடர்பில்லாத வேறோர் ஆய்வகத்தில் மறுசோதனை செய்ய வேண்டும். மாற்றிய பாகங்களில் எத்தனைக்கு இப்படிச் சரிபார்ப்பு நடந்தது, எத்தனை திருப்பி அனுப்பப்பட்டன என்ற கணக்கை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஆண்டுதோறும் தமிழிலும் வெளியிட வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தரப் பரிசோதகர்,
கோயம்புத்தூர்